நெய்த ஃபைபர் பலகையில் காற்றுக்குமிழி: வலிமை எங்கே போகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஃபைபர் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, திருவிழா வளைவு செய்யும் பட்டறைக்காரர்களும், தொண்டிப் பக்கம் படகு வைத்திருப்பவர்களும் ஒரு வகை. சணல் துணியையோ கண்ணாடித் துணியையோ எபாக்சி என்ற பிசினில் நனைத்துப் பலகை செய்து, கடைசி வருட புராஜெக்ட்டுக்காக உடைத்துப் பார்க்கும் எஞ்சினியரிங் மாணவர்கள் இன்னொரு வகை. இருவரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: உள்ளே மாட்டிக்கொண்ட குமிழி எவ்வளவு கெடுதல்?

குமிழி, வெற்றிடம் என்று சொல்கிறீர்களே, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ரெசின், அதாவது இழைகளைப் பிடித்து இறுகும் பிசின், நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் காற்றோ ஆவியோ நின்றுவிட்டால் அது வெற்றிடம். நெய்த துணியில் இது இரண்டு இடங்களில் வரும்.

முதலாவது, இழைக்கட்டுக்கு உள்ளே. ஒரு கட்டில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மெல்லிய இழைகள் இருக்கும். அந்த இழைகளுக்கு நடுவே சிக்கும் காற்று, இழை போகும் திசையில் நீண்டு, சுருட்டு மாதிரி வடிவம் எடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப் வேண்டும்.

இரண்டாவது, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே. நம் ஊர் பனையோலைக் கொட்டானை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓலைகள் குறுக்கே தாண்டும் மூலைகளில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். வோவன் ரோவிங் எனும் தடித்த நெய்த கண்ணாடித் துணியிலும் அதே மூலைகளில்தான் ரெசின் குட்டையாகத் தேங்கும், பெரிய குமிழியும் அங்கேதான் தங்கும். இவை மில்லிமீட்டர் அளவுக்கும் வளரும். கண்ணாடி ஃபைபராக இருந்தால் பின்னால் டார்ச் அடித்தாலே தெரியும். நன்றாக நனைந்த இடம் வெளிர்பச்சையாக ஒளி விடும், காற்று இருக்கும் இடம் பால் மாதிரி வெளுத்திருக்கும்.

இழைகளை ஒரே திசையில் அடுக்கிய பலகையை விட நெய்த துணியில் மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

நெய்ததில் பாவு நூல் நேராகப் போவதில்லை. ஊடை நூலின் மேலே ஏறி, கீழே இறங்கி, அலையாகப் போகும். பலகையை இழுக்கும்போது அந்த அலை நிமிரப் பார்க்கும். அது நிமிர நிமிர, தாண்டும் இடத்தில் இருக்கும் ரெசினைப் பலகையின் தடிமன் திசையில் தள்ளும், இழுக்கும். அதாவது சும்மா நேராக இழுத்தாலும் தாண்டும் இடத்தில் ஒரு பக்கவாட்டு அழுத்தம் பிறக்கிறது. பெரிய குமிழி உட்கார்ந்திருப்பதும் சரியாக அதே இடம். விசை அதிகமாகும் இடமும் பொருள் குறைவான இடமும் ஒன்றாகிவிட்டால் விரிசல் வேறு எங்கே போகும்?

முதல் விரிசல் பெரும்பாலும் விசைக்குக் குறுக்கே கிடக்கும் ஊடைக்கட்டில், குமிழியின் ஓரத்தில் பிறக்கும். பிறகு கட்டின் விளிம்பில் வளைந்து, அடுக்குக்கு அடுக்கு பிரியத் தொடங்கும். நீண்ட பொருள் ஒன்றில் ஒரு உருண்டைப் பொத்தல் இருந்தால் அதன் ஓரத்தில் விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பழைய பாடப்புத்தகக் கணக்கு. பலகையின் குறுக்கே துளைத்த வட்ட ஓட்டையாக இருந்தால் மூன்று மடங்கு. கூர்மையான முனையுள்ள தட்டைக் குமிழிக்கு இன்னும் மேலே.

நெசவும் முக்கியம். ஒன்று விட்டு ஒன்று தாண்டும் சாதா நெசவில் அலை அதிகம், தாண்டும் இடங்களும் அதிகம். ட்வில்லில் குறைவு. எட்டு நூலுக்கு ஒருமுறை மட்டும் தாண்டும் சாட்டின் நெசவில் இன்னும் குறைவு. அதே அளவு காற்று இருந்தாலும் சாதா நெசவுப் பலகைதான் அதிகம் அடி வாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

எத்தனை சதவீதம் வரை பரவாயில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேள்வியே கொஞ்சம் தவறான பக்கம் பார்க்கிறது என்பது என் கருத்து. இருந்தாலும் முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன்.

விமான பாகங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 1 சதவீதம். அதற்கடுத்த தரத்துக்கு 2 சதவீதம் வரை விடுவார்கள். கையால் ரெசின் தடவி உருட்டும் பட்டறை வேலையில் அதைத் தாண்டிச் சில சதவீதம் போவது சாதாரணம். 1978-இல் ஜட், ரைட் இருவரும் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன ஒரு கணக்கு இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது: சுமார் 4 சதவீதம் வரை, வெற்றிடம் ஒவ்வொரு 1 சதவீதம் கூடும்போதும் அடுக்கிடை ஷியர் வலிமை ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்காமல் பிடித்திருக்கும் வலிமையைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

சரி, இப்போது அந்தச் சதவீதம் என்ன மறைக்கிறது என்று பாருங்கள். 4 மி.மீ. தடிமன் பலகை, வெற்றிடம் 2 சதவீதம். அந்தக் காற்றை எல்லாம் ஒன்றாகத் திரட்டினால் 0.08 மி.மீ. தடிமனுள்ள ஒரு தாள் கிடைக்கும். அது பலகை முழுவதும் சிறு குமிழியாகச் சிதறியிருந்தால் சேதம் அளவோடு நிற்கும். அதுவே இரண்டு அடுக்குகளுக்கு நடுவே 0.2 மி.மீ. பட்டைக்குள் அத்தனையும் உட்கார்ந்திருந்தால், அந்தப் பட்டையில் மட்டும் 40 சதவீதம் காற்று! ஆய்வறிக்கை இரண்டுக்கும் "2 சதவீதம்" என்றுதான் சொல்லும். வளைத்தால் முதலாவது தாங்கும், இரண்டாவது புத்தகம் மாதிரி பிரியும்.

ஆகவே சதவீதத்தோடு சேர்த்து மூன்று கேள்வி கேளுங்கள். குமிழி கட்டுக்குள்ளா, வெளியேயா? ஒரே தளத்தில் கூடியிருக்கிறதா? பாகத்தின் மேல் வரப்போகும் விசை எந்த வகை? மூன்றாவதற்குப் பதில் தெரியாமல் முதல் இரண்டையும் அளந்து பயனில்லை.

இழுத்துப் பார்த்தேன், குமிழி உள்ள பலகையும் நல்ல பலகையும் கிட்டத்தட்ட ஒரே எண் கொடுத்தன. அப்படியானால் குமிழி பிரச்சினையே இல்லையா?

மாணவர்கள் சந்தோஷமாக அறிக்கை எழுதிவிடும் இடம் இது. பாவுத் திசையில் இழுத்தால் பளுவைத் தூக்குவது இழை. இரண்டு மூன்று சதவீதக் காற்று இருப்பதால் இழை குறைந்துவிடவில்லை. அதனால் இழுவலிமையும் விறைப்பும் அதிகம் மாறாது. ரெசின் வேலை செய்யும் இடங்களில்தான் வித்தியாசம் தெரியும்: அடுக்கிடை ஷியர், அமுக்கம், 45 டிகிரி கோணத்தில் இழுப்பது, திரும்பத் திரும்ப வரும் பளு.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால் ஷார்ட் பீம் சோதனையை (குட்டைத் துண்டை வளைத்துப் பார்ப்பது) செய்யுங்கள், அமெரிக்கத் தர எண் ஏஎஸ்டிஎம் டி2344. தாங்கிகளுக்கு இடையிலான தூரம் தடிமனைப் போல் நான்கு மடங்குதான், அதனால் விரல் நீளத் துண்டு போதும். சாதாரண வளைவுச் சோதனையில் அந்தத் தூரம் 16 மடங்கு, 32 மடங்கு என்று வைப்பார்கள். தூரம் கூடக் கூட இழைதான் உடையும், குமிழியின் பங்கு மறைந்துபோகும். இரண்டு புராஜெக்ட் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது முதலில் அந்த விகிதத்தைப் பார்ப்பது நல்லது.

அமுக்கும்போது என்ன ஆகிறது?

மெல்லிய இழையை நிற்க வைத்து மேலிருந்து அமுக்கினால் வளையும். வளையாமல் பக்கவாட்டில் பிடித்திருப்பது ரெசின். குமிழி இருக்கும் இடத்தில் அந்தப் பிடி இல்லை. நெய்ததில் இழை ஏற்கெனவே அலையாக வளைந்திருப்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி. அங்கே ஒரு கட்டு மடிந்ததும் பக்கத்துக் கட்டுகளும் வரிசையாக மடிந்து பட்டையாக உடையும்.

படகுக்கு இதெல்லாம் பொருந்துமா? எங்கள் படகு வருடக்கணக்கில் ஓடுகிறதே?

நன்றாகவே பொருந்தும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் ஃபைபர் படகு பெருகியது, அதில் பெரும்பகுதி கையால் இட்ட வேலை. படகின் அடிப்பலகைக்கு ஒருமுறை வரும் பெரிய விசையைவிட, அலை ஒவ்வொன்றிலும் வந்து போகும் சின்ன விசைதான் எமன். குமிழியின் ஓரத்தில் விரிசல் சீக்கிரம் பிறக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நீள்கிறது. கரையில் வைத்து ஒரே ஒரு முறை உடைத்துப் பார்க்கும் சோதனையில் இது தெரியவே தெரியாது.

அப்புறம் தண்ணீர். குமிழிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் கடல்நீர் உள்ளே போக வழி கிடைக்கிறது. ஜெல் கோட் என்ற வெளிப்பூச்சுக்குக் கீழே இருக்கும் குமிழியில் தண்ணீர் சேர்ந்து, ரெசினிலிருந்து கரைந்த பொருளோடு கலந்து, மேலும் தண்ணீரை இழுத்து, கொப்புளமாக மேலே எழும்பும். கண்ணாடி இழைக்கும் ரெசினுக்கும் உள்ள பிடிப்பை ஈரம் தளர்த்தும்.

நல்ல படகு கட்டுபவர்கள் வோவன் ரோவிங்கின் மேல் நேராக இன்னொரு வோவன் ரோவிங் போடமாட்டார்கள். நடுவே ஒரு சாப்டு மேட் (நெய்யாமல் வெட்டிய இழைகளைப் பரப்பிய விரிப்பு) அடுக்கு வைப்பார்கள். ரோவிங்கின் மேடு பள்ளத்தில் தங்கும் காற்றையும் வெறும் ரெசின் குட்டையையும் அந்த விரிப்பின் சின்னச் சின்ன இழைகள் நிரப்பிவிடும், அடுக்குகளும் பிரியாது. செலவைக் குறைக்க அந்த மேட் அடுக்கை விட்டுவிடும் ஆட்கள் உண்டு. படகு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

குமிழி எங்கிருந்து வருகிறது?

கலக்கும்போதே பாதி வந்துவிடுகிறது. வாளியில் குச்சி விட்டு வேகமாகச் சுற்றினால் காற்று உள்ளே போகும். மெதுவாக, அடியைச் சுரண்டிக் கலக்க வேண்டும். (பாலியெஸ்டர் ரெசின் வேலைக்காரர்களுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை: கோபால்ட்டையும் (உறைதலை வேகப்படுத்துவது) ஹார்டனரையும் (உறையவைப்பது) ஒன்றோடொன்று நேராக ஒருபோதும் சேர்க்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்துவிட்டு, அதன் பிறகுதான் ஹார்டனர்.)

அடுத்தது நனைப்பது. துணியை விரித்து மேலே ரெசினைக் கொட்டினால் காற்று கீழே மாட்டும். முதலில் அச்சில் ரெசின் தடவி, அதன்மேல் துணியை ஒரு ஓரத்திலிருந்து இறக்கி, கீழிருந்து ரெசின் மேலே ஊற விட வேண்டும். பிறகு வரிப்பள்ளம் உள்ள இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். காற்று வெளியேறும்போது மெல்லிய படபடப்புச் சத்தம் வரும். சத்தம் நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி உருட்டினால் ரெசின் பிழிந்து போய், துணி வறண்டு, புதிதாகக் காற்று ஏறும்.

குழாய் வழியே ரெசினை உள்ளே அனுப்பும் முறையில் கதை வேறு. இழைக்கட்டுக்குள் இருக்கும் நுண்ணிய இடுக்குகள் ரெசினைத் தாமாக உறிஞ்சும். கட்டுகளுக்கு இடையே உள்ள அகலமான வழியில் ரெசின் அழுத்தத்தால் ஓடும். மிக மெதுவாக அனுப்பினால் உறிஞ்சல் முந்திக்கொண்டு, கட்டுகளுக்கு நடுவே பெரிய குமிழி மாட்டும். மிக வேகமாக அனுப்பினால் ஓட்டம் முந்திக்கொண்டு, கட்டுக்குள் நுண்குமிழி மாட்டும். நடுவில் ஒரு வேகம் உண்டு, இரண்டு ஓட்டமும் சேர்ந்து போகும் வேகம். ரெசினின் பிசுபிசுப்பு, பரப்பு இழுவிசை, துணி எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும் என்பதால் பக்கத்துப் பட்டறையின் எண்ணைக் கடன் வாங்க முடியாது.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு, இரண்டுக்கும் எதிரெதிரான பங்கு. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் சூட்டில் ரெசின் இளகி ஓடும், இது நல்லது. ஆனால் வெப்பம் 10 டிகிரி ஏறினால் உறையும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். குமிழி மேலே வந்து உடைவதற்குள் ரெசின் இறுகிவிடும். அதற்காக ஹார்டனரை இஷ்டத்துக்குக் குறைத்தால் பலகை சரியாக இறுகாமல் போகும். கோபால்ட்டைக் குறைப்பது, சிறு சிறு அளவாகக் கலப்பது, காலை வெயில் ஏறுமுன் ரெசின் வேலையை முடிப்பது மேல்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியே ஈரம் குடித்திருக்கும். கண்ணாடித் துணி சுருளைத் திறந்தபடி தரையில் போட்டு வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்த பிரிப்ரெக் (ரெசின் முன்பே ஊறிய துணி) உபயோகிக்கும் கல்லூரிகளில், பை அறைச் சூட்டுக்கு வரும் முன்னே அதைப் பிரித்தால் பனித்துளி மாதிரி ஈரம் படியும். சூடாக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிக் குமிழியாகும். தண்ணீரின் ஆவி அழுத்தம் 120 டிகிரியில் சுமார் 2 பார், 180 டிகிரியில் சுமார் 10 பார். ஆட்டோக்ளேவில் (அழுத்த அடுப்பில்) 6, 7 பார் அழுத்தம் கொடுப்பதற்கு இந்த ஆவியை வளரவிடாமல் அடக்குவதும் ஒரு காரணம்.

வாக்குவம் போட்டால் எல்லாக் குமிழியும் போய்விடுமா?

குறையும், போகாது. பாகத்தை மூடிக் காற்றை உறிஞ்சும் பையில் ஓர் ஊசி ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை நீங்களே பாகத்துக்குள் இழுத்து விடுகிறீர்கள். ரெசின் விடுமுன் பம்பை நிறுத்திவிட்டு மீட்டர் முள் இறங்குகிறதா என்று பாருங்கள், அந்தப் பொறுமை இல்லாதவர்கள் வாக்குவம் முறைக்கே வர வேண்டாம். பாலியெஸ்டரில் இன்னொரு சிக்கல் ஸ்டைரீன், அந்த ரெசினை இளக்கியிருக்கும் திரவம். 20 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் 5 மி.மீ. பாதரசம் அளவுதான் என்றாலும் வெயிலில் ஏறிவிடும். வாக்குவத்தை அளவுக்கு மீறி இறக்கினால் ஸ்டைரீனே கொதித்துக் குமிழியாகும்.

சணல், கற்றாழை நார், பனைநார்த் துணிகளில்?

இங்கே ஈரம்தான் முதல் எதிரி. சாதாரணக் காற்றிலேயே சணல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் ஈரம் வைத்திருக்கும். அடுப்பில் உலர்த்தி, ஆறும் முன்பே ரெசினில் இட வேண்டும். உலர்த்திவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்ப வரும்போது கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கும். இன்னொரு விஷயம், தாவர இழைக்கு உள்ளேயே இயற்கையான குழல் உண்டு. அந்தக் குழலையும் நீங்கள் விட்ட குமிழியையும் மைக்ராஸ்கோப்பில் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டையும் கூட்டி எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு.

வெற்றிடத்தை எப்படி அளப்பது? பெரிய ஆய்வகம் வேண்டுமா?

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊர் என்றாலும் இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கண்ணாடி ஃபைபருக்கு ஒரு நல்ல தராசும் மஃபிள் ஃபர்னஸும் (உயர்வெப்ப அடுப்பு) போதும். துண்டைக் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தி எடுக்க வேண்டும். பிறகு 565 டிகிரி அளவில் ரெசினை எரித்து, மிஞ்சிய கண்ணாடியை எடை போட வேண்டும். கணக்கு ஏஎஸ்டிஎம் டி2734-இல் இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டு. கண்ணாடி எடையில் பாதி, ரெசின் பாதி. கண்ணாடி அடர்த்தி 2.55, ரெசின் 1.20. 0.5-ஐ 2.55-ஆல் வகுத்தால் 0.196, 0.5-ஐ 1.20-ஆல் வகுத்தால் 0.417. இரண்டையும் கூட்டித் தலைகீழாக்கினால் காற்றே இல்லாத பலகையின் அடர்த்தி 1.632. உங்கள் துண்டு 1.58 காட்டினால் வெற்றிடம் 3.2 சதவீதம்.

இப்போது ரெசினின் உண்மையான அடர்த்தி 1.20-க்குப் பதில் 1.18 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி போட்டால் 2.1 சதவீதம்தான் வரும். டப்பாவில் அச்சிட்ட எண்ணில் ஒரு சின்னப் பிசகு, மூன்றில் ஒரு பங்கு குமிழி காணாமல் போய்விட்டது! டப்பா எண்ணை நம்பாமல் அதே கலவையில் வெறும் ரெசினை வார்த்து, இறுகிய பின் அதன் அடர்த்தியை நீங்களே அளந்துகொள்ளுங்கள். சில சமயம் மைனஸ் வெற்றிடம் வருவதும் இதனால்தான்.

கார்பன் ஃபைபரைக் காற்றில் எரித்தால் இழையும் எரியத் தொடங்கும், அமிலத்தில் கரைக்கும் முறை வேண்டும். சணலுக்கு இரண்டும் உதவாது. துணியை இடும் முன்பே எடை போட்டு வைப்பதுதான் வழி.

இந்தக் கணக்கு அளவு சொல்லும், இடம் சொல்லாது. இடம் தெரிய ஒரு துண்டை அறுத்து, 400, 800, 1200 என்று எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வெட்டுமுகத்தில் மார்க்கர் மையைப் பூசி உடனே துடையுங்கள். பொத்தல்களில் மட்டும் மை நிற்கும். போனில் குளோசப் படம் எடுத்தாலே பெரிய குமிழி எல்லாம் கட்டுகளின் மூலைகளில் வரிசை கட்டியிருப்பது தெரியும்.

காசால் தட்டிப் பார்த்தால் தெரியாதா?

அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாகும். சிதறிய சின்னக் குமிழிக்குச் சத்தம் மாறாது. அதற்கு அல்ட்ராசானிக், இன்னும் தெளிவாக வேண்டுமானால் மைக்ரோ சிடி (நுண்ணிய சிடி ஸ்கேன்).

கம்ப்யூட்டரில் மாடல் போட்டுக் கணிக்கலாமா?

போடலாம். ஒரு நெசவுக் கண்ணை மட்டும் வரைந்து, அதில் குமிழிகளை லாட்டரி மாதிரி இறைத்துவிடாதீர்கள். கட்டுக்குள் நீளமாகவும், மூலையில் உருண்டையாகவும், வெட்டுமுகப் படத்தில் பார்த்தபடி வையுங்கள். இல்லாவிட்டால் விறைப்பு சரியாக வரும், உடையும் இடம் தவறாக வரும்.

செய்து முடித்த தொட்டியிலும் படகிலும் வெள்ளைத் திட்டு தெரிகிறது. ஊசி போட்டு ரெசின் ஏற்றினால் சரியாகுமா?

பட்டறைகளில் இது நடக்கிறது, வெளியே பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் குமிழிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேராதவை, ஊசி தொட்ட ஒன்றிரண்டு மட்டும் நிரம்பும். தண்ணீர்த் தொட்டியின் மேல்மூடியில் சின்னத் திட்டு என்றால் விட்டுவிடலாம். தொட்டியின் அடிவளைவு, படகின் அடிப்பலகை, எஞ்சின் மாட்டும் பின்பலகை என்றால் அந்த அடுக்கு வரை தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் இட வேண்டும். குழியின் ஓரத்தை நேர்ச்சுவராக விடாமல், ஆழத்தைப் போல் குறைந்தது 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். தூசியைத் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகு துணி இடுங்கள். உப்புநீர் குடித்த படகாக இருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பல நாள் நிழலில் காய விட வேண்டும். முழுதாகக் காய்வதற்குள் அவசரப்பட்டால் புதிய அடுக்குக்குக் கீழே மறுபடி கொப்புளம்தான்.